பந்து வந்து சேரும் இடம்

கேள்வி: ஐயா, நாங்கள் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் கேரி நகரில் வசிக்கிறோம். எங்கள் மகன் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். உயரம் 6 அடி 7 அங்குலம். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறவன். மூன்றாம் டிவிஷன் என்பதால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆசைக்குத்தான் ஆடுகிறான். முதலாண்டில் அவனை நம்பித்தான் அணியே இருந்தது. கோடை விடுமுறையில் எட்டுக் கிலோ எடை கூட்டினான். ஆனால் இந்த சீசன் தொடங்கியதிலிருந்து ஆளே மாறிவிட்டான். புள்ளிகள் பாதியாகிவிட்டன, ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) குறைந்துவிட்டது, பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். என் கணவர் நார்த் கரோலினா பல்கலைக்கழக அணியின் தீவிர ரசிகர். "ஆர்மண்டோ பேகாட் மாதிரி நீயும் ஒரு வருஷம் ஆடிவிட்டுத் தூங்கிவிட்டாய், எல்லாம் தலைக்கனம்" என்று போனில் அவனிடமே சொல்லிவிட்டார். இரண்டு வாரமாக அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இந்த ஆட்டத்தின் விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அவன் பள்ளியில் ஆடிய காலத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வருகிறேன். போன வருஷம் பந்து கைக்கு வரும்போது போர்டுக்குக் கீழேயே இருப்பான். இப்போது எப்போதும் ஓரமாக ஒதுங்கியே நிற்கிறான். கணவர் சொல்வது சரியா? வேறு கல்லூரிக்கு மாறச் சொல்லலாமா? போன ஆண்டு ஆட்டம் ஒன்று, இந்த ஆண்டு ஆட்டம் ஒன்று, இரண்டின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும் என்று எழுதிவிட்டு, "எப்போதும் ஓரமாக ஒதுங்கியே நிற்கிறான்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நெட்டைப் பையன்களோடு மாரடிக்கிறவன் நான். புள்ளிப் பட்டியலை நீட்டி "இவன் ஏன் சரிந்தான்" என்று கேட்கும் பெற்றோர் நிறையப் பேர் வருகிறார்கள். பந்து எங்கே வந்து சேர்கிறது என்று பார்த்துச் சொன்னவர் நீங்கள்தான். அந்த வரியைப் படித்ததும் வீடியோவைத் திறந்தேன். அதில் பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கணவரிடம் ஒரு வழக்கு இருக்கிறது. அதை முடித்துவிடுகிறேன்.

பேகாட் என்ற ஒப்பீடு பொருத்தமானதுதான், ஆனால் அவர் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சாப்பல் ஹில் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். அங்கே சென்டராக அந்தப் பையன் ஆடியதை உங்கள் கணவர் அரங்கத்தில் உட்கார்ந்தே பார்த்திருப்பார். 2021-22 சீசனில் பேகாட் ஆட்டத்துக்குச் சராசரி 16.3 புள்ளிகள், 13.1 ரீபவுண்டுகள் எடுத்தார். புள்ளியிலும் ரீபவுண்டிலும் இரட்டை இலக்கத்தைத் தொட்ட ஆட்டங்கள் அந்த ஒரே சீசனில் 31. நேவி அணிக்கு ஆடிய டேவிட் ராபின்சன் 1985-86இல் வைத்த சாதனையை அது சமன் செய்தது. கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியில், தன் பிரிவில் எட்டாம் தரவரிசையில் நுழைந்த அணியை இறுதி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனார். நியூ ஆர்லியன்ஸில் டியூக் அணியை 81-77 என்று வீழ்த்திய அரையிறுதியில் அவருடைய கணுக்கால் பிசகியது. அந்த ஆட்டத்தில் 21 ரீபவுண்டுகள் எடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து, அதே காலோடு, கான்சாஸுக்கு எதிராக இறங்கினார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. பந்தோடு ரிங்கை நோக்கித் திரும்பியவர் கால் மடங்கி விழுந்தார். 72-69 என்று கோப்பை போனது.

அடுத்த சீசன் தொடங்கும் முன்பே நாட்டின் முதல் அணி என்ற பட்டத்தைக் கட்டிவிட்டார்கள். வந்து சேர்ந்ததோ 20 வெற்றி, 13 தோல்வி. தேசியப் போட்டிக்கே அழைப்பு வரவில்லை. 1985இல் அந்தப் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, சீசனுக்கு முந்தைய பட்டியலில் முதலிடம் பெற்ற அணி ஒன்று உள்ளே நுழையாமல் போனது அதுதான் முதல்முறை. பேகாட்டின் கணக்கு 15.9 புள்ளிகளாகவும் 10.4 ரீபவுண்டுகளாகவும் இறங்கியது. உங்கள் கணவர் "தூங்கிவிட்டான்" என்று சொல்வது இந்த ஆண்டைத்தான்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். அதற்கு முந்தைய ஆண்டு பேகாட்டோடு முன்வரிசையில் நின்றவர் பிரேடி மேனெக். 6 அடி 9 அங்குலம், தாடிக்காரர், தூரத்திலிருந்து எறிந்தால் நூற்றுக்கு நாற்பது உள்ளே விழும். அவரைக் காவல் காக்கும் ஆளும் எதிரணியின் உயரமானவர்தான். அந்த ஆள் மேனெக்கை விட்டு இரண்டடி உள்ளே வந்தால் மூன்று புள்ளி போய்விடும். ஆகவே அவர் வெளியிலேயே நிற்க வேண்டியிருந்தது, பேகாட்டுக்கு உள்ளே இடம் கிடைத்தது. மேனெக் படிப்பை முடித்துப் போனார். வந்தவர்கள் அப்படி எறியவில்லை. மற்ற ஆட்டக்காரர்களுக்கும் கை வரவில்லை. அணி முழுவதுமாகச் சேர்த்து மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 31 அளவுதான் விழுந்தது. எதிரணிப் பயிற்சியாளர்கள் என்ன செய்வார்கள்? வெளியே நிற்பவனை விடு, எறியட்டும்; நீ உள்ளே போய் நெட்டையன் மடியில் உட்கார் என்பார்கள்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். தொழில்முறை லீக்கான என்பிஏவில் காவல் காக்கும் ஆள் யாரையும் மறிக்காமல், ரிங்குக்கு முன்னால் இருக்கும் வண்ணக் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை. விருப்பப்பட்டால் பாய் விரித்துப் படுக்கலாம். கட்டத்தின் அகலம் 12 அடிதான். அதற்குள் சென்டர், அவர் முதுகில் ஒருவர், முகத்துக்கு முன்னால் இன்னொருவர். முன்பு ஒரு சுழற்சியில் ரிங்குக்கு அடியில் போய் நின்றவர் இப்போது பந்தை வாங்குவதற்கே மல்லுக்கு நிற்க வேண்டும்.

இதற்கு மேல் உடம்பு. சீசனின் தொடக்கத்தில் தோள்பட்டை அடிபட்டு, டிசம்பரில் வர்ஜீனியா டெக் ஆட்டத்தில் அவரால் இறங்கவே முடியவில்லை. ஜனவரியில் வர்ஜீனியாவோடு ஆடும்போது தொடங்கிய சற்று நேரத்திலேயே கணுக்கால் மறுபடியும் போனது. ரீபவுண்டு என்பது பெரும்பாலும் இரண்டாம் தாவல். முதலில் தாவி இறங்கி, கால் தரையைத் தொட்டதும் மறுபடி தாவுகிறவனுக்குத்தான் பந்து. கணுக்கால் சரியில்லாதவன் அந்த இரண்டாம் தாவலுக்கு அரை விநாடி யோசிப்பான். அத்தனை அடிகளோடும் அதே ஜனவரியில் டைலர் ஹான்ஸ்பரோவைக் கடந்து, தன் பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிக ரீபவுண்டு எடுத்தவர் ஆனார். தூங்கிக்கொண்டே அதைச் செய்ய முடியுமா என்று உங்கள் கணவரைக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். 2023-24இல் பேகாட்டின் சராசரி 14.5 புள்ளிகளாக இன்னும் கீழே போனது. ரீபவுண்டு 10.3. ஆனால் அணி? 29 வெற்றி, 8 தோல்வி. தன் வட்டார லீக்கில் முதலிடம், தேசியப் போட்டியில் தன் பிரிவில் முதல் தரவரிசை. ஆர்.ஜே. டேவிஸ் ஆட்டத்துக்கு 21 புள்ளி எடுத்தார். புதிதாக வந்த ஹாரிசன் இங்க்ரம் வெளியிலிருந்தும் எறிந்தார், உள்ளே வந்து ஆட்டத்துக்கு எட்டு ரீபவுண்டுக்கு மேல் பங்கு போட்டுக்கொண்டார். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் பேகாட் வருஷா வருஷம் தேய்கிறார். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அவருடைய வேலை மாறியது தெரிந்திருக்கும்.

பேகாட் குறையே இல்லாதவர் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஐந்து ஆண்டு கல்லூரியில் ஆடியும் தூர எறிதல் அவர் கைக்கு வரவில்லை. புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 2024 தேர்வில் என்பிஏ அணிகள் எதுவும் அவர் பெயரை அழைக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் அது 'தலைக்கனம்' என்ற கணக்கில் வராது.

கூடைப்பந்தில் சென்டர் என்பவன் பந்தியில் உட்கார்ந்தவன். பந்தை மைதானத்தின் மறுகோடியிலிருந்து தட்டிக்கொண்டு வருகிறவன் வேறு, எப்போது யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவன் வேறு, இடத்தைத் திறந்துவைக்கிறவன் வேறு. இலை போட்டு உட்கார்ந்திருக்கும் இவனுக்குச் சோறு வரும்போதுதான் சாப்பாடு. பரிமாறுகிறவர் மாறினால் இவன் வயிறு காயும். பார்க்கிறவர்கள் "பையனுக்குப் பசியே இல்லை போலிருக்கிறது" என்பார்கள்.

இப்போது உங்கள் மகன். இரண்டு வீடியோக்களையும் நான்கு முறை பார்த்தேன். நான்காம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டு, அவனுடைய பாதத்தை மட்டும் பார்த்தேன்.

போன ஆண்டு ஆட்டத்தில் முதுகைக் கூடைக்குக் காட்டியபடி பதினான்கு முறை பந்தை வாங்குகிறான். பத்து முறை அவன் பாதங்களில் ஒன்று கட்டத்தின் கோட்டின் மேலோ அதற்கு உள்ளேயோ இருக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து ரிங்கின் நடுப்பகுதி பக்கவாட்டில் 6 அடி. அவன் உயரத்துக்கு ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்துத் திரும்பினால் கை ரிங்குக்குப் பக்கத்தில் போய்விடும். பந்தைத் தரையில் தட்டவே தேவையில்லை. இந்த ஆண்டு ஆட்டத்தில் ஒன்பது முறைதான் பந்து வருகிறது. இரண்டு முறை மட்டும் கோட்டில் நிற்கிறான். மற்ற ஏழும் ஒரு முழு எட்டு வெளியே. அங்கிருந்து போக ஒரு முறையாவது தட்ட வேண்டும். நெட்டையன் பந்தைத் தட்டுவது, குட்டைக் கார்டுகளுக்கு (பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரர்களுக்கு) காசு கீழே விழுந்த மாதிரி. மூன்று முறை பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். நீங்கள் நோட்டில் "பந்து இழப்பு" என்று எழுதியிருக்கும் மூன்றும் இவைதான்.

ஏன் வெளியே தள்ளப்படுகிறான்? போன ஆண்டு பந்தைக் கொண்டுவந்த இடக்கைப் பையன் இந்த ஆண்டு இல்லை. படிப்பை முடித்திருப்பான் என்று நினைக்கிறேன். அவன் நல்ல பரிமாறுகிறவன். உங்கள் மகன் ஆளை முதுகில் அடைத்துக் கையைத் தூக்கிய அதே நொடியில் பந்து வந்துவிடும். இந்த ஆண்டு பந்தைக் கொண்டுவருகிறவன் வேகக்காரன், கெட்டிக்காரன், ஆனால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே பார்க்கிறான். முதுகில் ஒருவனை அடைத்து வைப்பதெல்லாம் இரண்டு விநாடிச் சமாசாரம். மூன்றாம் விநாடியில் எதிராளி உங்கள் மகனின் இடுப்பில் முன்கையை வைத்துத் தள்ளிவிடுகிறான். பந்து வரும்போது இவன் தெருவில் நிற்கிறான்.

இதில் உங்கள் மகனின் பங்கும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். போன ஆண்டு எதிரணி எறிந்த பந்து ரிங்கில் பட்டதுமே திரும்பி ஓடிவிடுவான். மற்றவர்கள் நடுக்கோட்டைத் தாண்டும்போது இவன் ரிங்குக்கு எதிரே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பான். அப்போது எதிராளி இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டான், மல்லுக்கே வேலை இல்லை. இந்த ஆண்டு ஐந்தாவது ஆளாகத்தான் வருகிறான். கடைசியாக வருகிறவனுக்குப் பந்தியில் எந்த இடம் கிடைக்கும் என்று தெரியுமே.

சரி, ஏன் மெதுவாக ஓடுகிறான்? "சோம்பல்" என்று உங்கள் கணவர் பதில் வைத்திருக்கிறார். நான் வீடியோவில் வேறொன்றைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்கு ஈடாக யாரும் மறிக்காமல் எறிய விடுவது. எறிவது எதிரணி. உங்கள் மகன் கட்டத்தின் ஓரம் குனிந்து நிற்கிறான். எல்லோரும் கையை முழங்காலில் ஊன்றித்தான் நிற்பார்கள். இவன் மட்டும் வலக்கைக் கட்டைவிரலால், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருக்கிறான். அடுத்த ஃப்ரீ த்ரோவிலும் அதே இடம், அதே விரல். அதன் பிறகு கவனித்தால், தாவி இறங்கும்போதெல்லாம் இடது காலில் அதிகம் இறங்குகிறான். போன ஆண்டு வீடியோவில் இது கிடையாது.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்தக் கட்டைவிரலை நிறையப் பையன்களிடம் பார்த்திருக்கிறேன். முழங்கால் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு கட்டும் தசைநாண் அங்கேதான் இருக்கிறது. கூடைப்பந்து, வாலிபால் ஆடுகிறவர்களுக்கு ஓயாத தாவலால் அது நொந்துபோகும். இதன் தந்திரம் என்னவென்றால், ஆட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், உடம்பு சூடானதும் அடங்கிவிடும். பையன் "சரியாகிவிட்டது" என்று நினைத்து ஆடுவான். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போதும், வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழும்போதும் பிடிக்கும். அவனிடம் "முழங்கால் வலிக்கிறதா" என்று கேட்காதீர்கள். இல்லை என்பான், அவர்கள் எப்போதும் அப்படித்தான். "காலையில் படி இறங்கும்போது எப்படி இருக்கிறது" என்று கேளுங்கள்.

கோடையில் கூட்டிய எட்டுக் கிலோ இங்கே வந்து உட்கார்கிறது. உள்ளே மல்லுக்கு நிற்க எடை வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அது தவறான ஆலோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதத்தில் ஏறிய எடையைத் தூக்கிக்கொண்டு தாவி இறங்க அந்தத் தசைநாணுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. எடை கூடியவன் மெதுவாக ஓடுவான், வலியிருப்பவன் இன்னும் மெதுவாக ஓடுவான், மெதுவாக வருகிறவனுக்கு இடம் கிடைக்காது, இடம் கிடைக்காதவன் கையைப் போட்டு மல்லுக்கட்டி ஃபவுல் வாங்குவான். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் ஆனதும் பயிற்சியாளர் பெஞ்சுக்கு அழைத்துவிடுகிறார். பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்த முழங்கால் விறைத்துப்போகும். பாதி நேரம் பெஞ்சில் என்று எழுதியிருந்தீர்களே, கதை இப்படித்தான் சுற்றுகிறது.

அவன் கல்லூரியில் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெய்னர் ஒருவர் இருப்பார். இந்த வாரமே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வலிக்கு முழு ஓய்வு மருந்தாகாது. தாவலைக் குறைத்து, தசைநாணுக்குப் படிப்படியாகப் பாரம் ஏற்றும் பயிற்சிதான் பொதுவாகக் கொடுப்பார்கள். குணமாக வாரங்கள் போதாது, மாதங்கள் பிடிக்கும். ஐஸ் வைத்துக் கட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு சீசனை ஓட்டிவிடலாம் என்று அவனே முடிவு செய்துவிடக் கூடாது. கூடவே ஒன்று: பாதத்தின் மேற்பகுதியில் வலி உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு சிறிய எலும்பு இருக்கிறது, படகு வடிவம்; மிக உயரமானவர்களுக்கு அது தொல்லை கொடுக்கும். என்பிஏவில் ஆடிய சீன நெட்டையர் யாவ் மிங்கின் ஆட்ட வாழ்க்கையைச் சுருக்கிய எலும்புகளில் அதுவும் ஒன்று. ஜோயல் எம்பீட் கான்சாஸ் கல்லூரியை விட்டு வந்த 2014இல் அதே எலும்பு முறிந்துதான், என்பிஏவில் முதல் இரண்டு சீசன் களமிறங்காமலே போனார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு கடன் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிப் பையன், உங்கள் மகனைவிட ஓர் அங்குலம் கூடுதல். பாதம் வலிக்கிறது என்றான். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. நான் நடிக்கிறான் என்று முடிவு கட்டி, மற்றவர்கள் பந்து எறியும்போது அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். இத்தகைய மெல்லிய முறிவுகள் முதல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பது அன்று எனக்குத் தெரியாது. ஐந்து வாரம் கழித்து ஸ்கேனில் தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இன்னும் இலகுவாக இருந்திருக்கும். இப்போது ஒரு வங்கியில் மேலாளராக இருக்கிறான், பார்த்தால் "சார்" என்று எழுந்து நிற்பான்.

மனம் காரணமே இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கென்று ஒரு வெப்பமானி இருக்கிறது: ஃப்ரீ த்ரோ. யாரும் மறிப்பதில்லை, யாரும் பரிமாற வேண்டியதில்லை, தாவலும் தேவையில்லை. அதே 15 அடி, அதே ரிங். மனம் கலைந்தவனுக்கு முதலில் அதுதான் கலையும். உங்கள் நோட்டுப் பக்கங்களின் படத்தில் பார்த்தேன், அவன் ஃப்ரீ த்ரோ போன ஆண்டு எப்படியோ இந்த ஆண்டும் அப்படியே இருக்கிறது. அதனால் தலைக்கனம், கவனச்சிதறல் என்ற வாதங்களை நான் தள்ளுபடி செய்கிறேன். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் அனுபவக் கணக்கு. அப்பா பேசாமல் இருக்கும் இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்த எண்ணும் கீழே போனால், அதற்குக் காரணம் தேட வீடியோ தேவைப்படாது.

கல்லூரி மாறும் யோசனை. இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது, ஆஸ்கர் ஷீப்வே. வெஸ்ட் வர்ஜீனியாவில் முதலாண்டு 11.2 புள்ளி, 9.3 ரீபவுண்டு எடுத்தவர், இரண்டாம் ஆண்டு 8.5, 7.8 என்று இறங்கினார். அங்கே டெரெக் கல்வர் என்ற இன்னொரு கனத்த ஆள் அதே கட்டத்துக்குள் நின்றார், ஓர் உறைக்குள் இரண்டு கத்தி. ஷீப்வே சீசன் நடுவிலேயே கிளம்பி கென்டக்கிக்குப் போனார். அங்கே உள்ளே அவர் ஒருவர்தான், சுற்றிலும் தூரத்திலிருந்து எறிகிறவர்கள். 2021-22இல் 17.4 புள்ளி, 15.1 ரீபவுண்டு, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது. அதே ஆள்தானே? அடுத்த ஆண்டு அக்டோபரில் முழங்காலில் ஒரு சிறு அறுவைச் சிகிச்சை. சராசரி 16.5, 13.7 ஆனது. அதையும் சரிவு என்றுதான் எழுதினார்கள்.

ஆனால் உங்கள் மகனின் அணியில் இரண்டாவது கத்தி எதுவும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே இடம் இருக்கிறது, பந்துதான் தாமதமாக வருகிறது, அவனும் தாமதமாக வருகிறான். வலிக்கும் முழங்காலைத் தூக்கிக்கொண்டு புதிய கல்லூரிக்குப் போனால் வலியும் கூடவே வரும். உதவித்தொகை இல்லாத டிவிஷனில் படிப்புதான் முதல் கணக்கு. இந்த ஆண்டு மாறச் சொல்ல வேண்டாம். அடுத்த மார்ச்சில் முழங்கால் சரியாகி, அப்போதும் பந்து வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், பேசலாம்.

அதுவரை செய்யக்கூடிய வேலை இருக்கிறது, தாவாமலே செய்யலாம். புதிய கார்டோடு தினமும் பயிற்சிக்குப் பிறகு பதினைந்து நிமிடம். இவன் ஆளை அடைத்துக் கையைத் தூக்குவான், அவன் தட்டாமல் நேராகப் பந்தைக் கொடுப்பான், அவ்வளவுதான். ஐம்பது முறை. இரண்டு பேருக்கும் கண் பழக வேண்டும். இரண்டு பேர் வந்து அடைக்கும்போது, பந்தைத் தோளுக்கு மேலேயே வைத்துக்கொண்டு மறுபக்க மூலையில் தனியாக நிற்பவனுக்கு எறியப் பழக வேண்டும். அங்கே இரண்டு முறை மூன்று புள்ளி விழுந்துவிட்டால் மூன்றாம் முறை இரண்டாமவன் வரத் தயங்குவான். பிறகு மைக்கன் பயிற்சி: ரிங்குக்கு அடியில் நின்று வலக்கையால் ஒன்று, விழும் பந்தை நெஞ்சுக்குக் கீழே இறக்காமல் பிடித்து இடக்கையால் ஒன்று. அவன் குழந்தையிலேயே செய்திருப்பான், சிரிப்பான். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் செய்யச் சொல்லுங்கள், சிரிப்பு நிற்கும்.

அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் மைக்கனைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள். டிபால் கல்லூரியில் 6 அடி 10 அங்குல உயரத்தில் நின்று, எதிரணி எறியும் பந்துகளை ரிங்குக்கு மேலேயே தட்டிவிடுவார். 1944இல் அதைத் தடுக்கவே விதி மாற்றினார்கள். பிறகு என்பிஏவில் அவருக்காகவே 6 அடிக் கட்டத்தை 12 அடியாக அகலப்படுத்தினார்கள். கரீம் அப்துல் ஜப்பார், அப்போது லூ அல்சிண்டர், கல்லூரியில் ஆடிய நாளில், பந்தைக் கையாலேயே ரிங்குக்குள் திணிக்கும் டங்க் அடிப்பதையே தடை செய்தார்கள். 1967இல் வந்த தடை 1976 வரை நீடித்தது. நெட்டையனுக்கு எதிராக விதியே மாறும்போது பாதத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1970களில் பீட் நியூவெல் என்ற பெரியவர் கெர்மிட் வாஷிங்டன் என்ற ஒரே ஆட்டக்காரரோடு கோடைக் காலத்தில் இதைத்தான் தொடங்கினார். பந்து எறிவதை அதிகம் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தக் காலை முதலில் வைப்பது என்பதையே சொல்லிக்கொடுத்தார். என்பிஏவின் உயரமானவர்கள் வருஷா வருஷம் அவரிடம் வரிசையில் நின்றார்கள்.

கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும். முதலில் அவரே போன் செய்ய வேண்டும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். இருபது வயதுப் பையன்களுக்கு அப்பாவின் மன்னிப்பு இன்னும் சங்கடம். "காலையில் படி இறங்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது" என்ற அந்தக் கேள்வியை அவரே கேட்கட்டும். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் ஆச்சரியப்படுவான். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நோட்டில் ஒரு புதிய கட்டம் போடுங்கள். புள்ளி, ரீபவுண்டுக் கட்டங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒவ்வொரு முறை பந்து அவன் கைக்கு வரும்போதும் பாதம் கோட்டில் இருந்தால் ஒரு புள்ளி வையுங்கள், வெளியே இருந்தால் ஒரு வட்டம். ஓடி வருவதில் எத்தனையாவது ஆள் என்பதை ஓரத்தில் எண்ணாகக் குறியுங்கள். ஐந்து ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். நீல மையில் எழுதுங்கள், பென்சில் எழுத்து படத்தில் எனக்குத் தெரியவில்லை.